மரியதாஸ் அண்ணன் விற்ற செயின்சா

இப்போதெல்லாம் யாருக்கு எந்த மெஷின் வேண்டுமென்றாலும் கைப்பேசியில்தான் தேடுகிறார்கள். புல்வெட்டி, தண்ணீர் பம்பு, மரம் அறுக்கும் செயின்சா எல்லாம் படத்தோடு வருகின்றன. விற்கிறவர் யாரென்று தெரியாது. சாலையோரப் பெட்ரோல் நிலையத்தில் நின்று கைமாற்றிக்கொள்வார்கள். இரண்டு இழுப்பில் ஸ்டார்ட் ஆனால் போதும், பழைய மெஷின் நல்ல மெஷின் ஆகிவிடும். வீட்டுக்கு வந்து அது முரண்டு பிடித்தால் என் ஞாபகம் வரும். "ஏமாத்திட்டான் லா அங்கிள்" என்று எனக்குப் படம் அனுப்புவார்கள். படத்தைப் பார்த்து நோய் சொல்ல நான் என்ன ஜோசியனா என்று திட்டிவிட்டு, ஒரு கேள்வி மட்டும் கேட்பேன். வாங்கின பிறகு நீ அதுக்கு என்ன செஞ்சே?

இந்தக் கேள்வி பலருக்குப் பிடிப்பதில்லை. அவன்தானே விற்றான், என்னை ஏன் கேட்கிறீர்கள் என்று கோபித்துக்கொள்வார்கள். கோபித்தால் கோபிக்கட்டும். பட்டறை வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் வட்டாரத்துப் பட்டறைப் பையன்கள் சிலர் கேட்டபோது, இந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று முடிவு செய்தேன். மற்றதெல்லாம் எல்லாருடைய வாழ்க்கையிலும் உள்ளதுதான்.

நான் பிறந்தது மலேசியாவில், கோல சிலாங்கூருக்கு வடக்கே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா ரப்பர் மரங்களில் பால் வெட்டினார். பள்ளிக்கூடம் முடிந்ததும் தோட்டத்துப் பட்டறையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், பிறகு ஸ்பானர் பிடித்தேன். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. ஒரு வரியில் சொன்னால் அவ்வளவுதான் என் படிப்பு.

என் மேலாள் லிம். சீனர். நாங்கள் ஃபோர்மேன் என்றுதான் கூப்பிடுவோம். லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் என்பதால் எங்கள் தமிழைக் கெட்ட வார்த்தை உட்பட முழுசாகப் பேசுவார். ஆனால் குரலை உயர்த்தமாட்டார். கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் ஒன்றில் முழங்கால்மேல் கைவைத்து உட்கார்ந்திருப்பார். பழுதான மெஷின் வந்தால் சிமெண்டுத் தரையில் ஒரு கோணிச்சாக்கைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் வைக்கச் சொல்வார். அந்த மெஷினை ஓட்டியவன் கட்டாயம் பக்கத்தில் நிற்கவேண்டும். தான் வராமல் வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

முதலில், கடைசியாக எப்போது நன்றாக ஓடியது என்று கேட்பார். அடுத்து, அன்றிலிருந்து இன்றுவரை இதற்கு என்ன செய்தாய் என்று கேட்பார். "ஒண்ணும் செய்யலே" என்பது அவரிடம் பதிலாகச் செல்லாது. பேசாமல் காத்திருப்பார். அந்த மௌனத்தை யாராலும் தாங்க முடியாது. மிச்சம் இருந்த மண்ணெண்ணெயைக் கலந்தேன், வாய்க்காலில் முக்கிக் கழுவினேன், சின்னவன் ஏதோ ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டான் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதன் பிறகு மெஷினைத் தொடாமல் சுற்றிவந்து பார்ப்பார். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பது அதற்கும் பிறகுதான்.

நான் சேர்ந்த புதிதில், களைக்கொல்லி அடிக்கும் மெஷின் ஒன்று வந்தது. ஃபோர்மேன் முன்னால் அசிங்கமாக வைக்கக்கூடாது என்று பயபக்தியோடு துடைத்து, பளபளவென்று சாக்கின்மேல் வைத்தேன். அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போ, மறுபடி அழுக்காகும்வரை ஓட்டு, பிறகு கொண்டுவா என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று முழுதும் முதுகில் சுமந்து ஓட்டிவிட்டு வந்தேன். எண்ணெய் எங்கே கசிந்து எந்தப் பக்கம் வழிந்தது என்பது தூசியிலேயே கோடு போட்டதுபோல் தெரிந்தது. அந்தக் கோட்டைக் காட்டித்தான் சொன்னார்:

"மெஷின் பேசாது. அழுக்கு பேசும். நீ தொடச்சிட்டா யார்கிட்ட கேப்பே?"

அவர் கிள்ளானில் இருக்கும் மகளிடம் போன பிறகு பட்டறை என் கைக்கு வந்தது. தோட்டத்தை விற்று, லயத்துக்காரர்களுக்கு வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நான் தஞ்சோங் காராங்கில் மரம் வெட்டும் குத்தகைக்காரர் ஒருவரிடம் செயின்சாக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். எத்தனையோ மெஷின்களைத் திறந்து மூடியிருக்கிறேன். ஆனால் ஒரு மெஷினைத் திறந்த அன்று, திறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அது நான் ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக் கொல்லையில் நடந்தது.

எங்கள் வரிசையின் கோடி வீட்டில் மரியதாஸ் அண்ணன் இருக்கிறார். தோட்டத்தில் மண்டோராக இருந்து அத்தனை பேரையும் வேலை வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்துவர். ஆனால் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அது இந்து வீடோ கிறிஸ்துவ வீடோ, முதல் போன் அவருக்குத்தான் போகும். கூடாரம், நாற்காலி, வண்டி, சுடுகாட்டு அனுமதி எல்லாவற்றையும் அவர்தான் நின்று பார்ப்பார். அழுகிறவர்களை அழவிட்டு, ஆகவேண்டியதை அவர் பார்த்துக்கொள்வார். இதற்காக யாரும் அவரை நியமிக்கவில்லை. தோட்டக் காலத்திலிருந்தே அப்படி வந்துவிட்டது.

அவரிடம் பழைய ரகச் செயின்சா ஒன்று இருந்தது. குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்வார். மணிக்கட்டு வலி வந்து தூக்க முடியாமல் போகவே, அதை விற்கப்போவதாகச் சொன்னார். எங்கள் வரிசையிலேயே இருக்கும் குணசேகரன் வாங்கிக்கொண்டான். குணா நெல் ஆலையில் லோரி ஓட்டுகிறான். லீவு நாட்களில் கம்பத்து, அதாவது கிராமத்து வீடுகளில் சாய்ந்த மரங்களை வெட்டிக் கொடுப்பான். அவன் அப்பாவும் நானும் ஒன்றாக வேலை செய்தவர்கள். அந்த வழக்கத்தில் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

சில வாரங்கள் கழித்து, சுங்கை புரோங்கில் வயலோர வீடு ஒன்றில் தென்னை வெட்டப் போனான். விழவேண்டிய பக்கம் ஆப்பு வெட்டிவிட்டு, பின்பக்கம் அறுத்துக்கொண்டிருந்தபோது பாதியில் மெஷின் நின்றுவிட்டது. பிளேடு மரத்துக்குள் மாட்டிக்கொண்டது. பாதி அறுபட்ட மரத்தடியில் நிற்கக்கூடாது என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அங்கேயே குனிந்து மெஷினை நோண்டியிருக்கிறான். வயல்வெளியில் மறைப்பு ஏது? கடல் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. மரம் அடியில் பிளந்து, திசை மாறி விழுந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கி, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனவர்களிடமெல்லாம் குணா ஒன்றையே சொன்னான். வாங்கினதிலிருந்தே அந்த மெஷின் இப்படித்தான், நடுவில் நின்றுவிடும் என்றான். அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை ஊர் சொல்லிக்கொண்டது. வரிசை முனையில் இருக்கும் மளிகைக் கடைதான் எங்களுக்குச் சபை. அங்கே குணாவின் மச்சான் ரவி, மண்டோர் தெரிந்தே ஓட்டை மெஷினை விற்றுவிட்டார் என்று சத்தம் போட்டான். பிறகு அந்தச் செயின்சாவைத் தூக்கிக்கொண்டு போய் மரியதாஸ் அண்ணன் வீட்டு கேட்டுக்குள், முன்கூரைக்கு அடியில் வீசிவிட்டு வந்தான்.

யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவர் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது, அவ்வளவுதான். அடுத்த மாதம் எங்கள் வரிசையில் ஒரு பாட்டி இறந்துபோனார். அந்த வீட்டுக்காரர்கள் கூடாரத்துக்கு டவுனிலிருந்து வேறு யாரையோ கூப்பிட்டார்கள். மரியதாஸ் அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு, போன் வரும் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அவர் கண்ணெதிரில் வேறு ஒருவனுடைய லோரியிலிருந்து நாற்காலிகள் இறங்கின. நானும் அவரிடம் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அந்தக் காரியம் முடிந்த மறுநாள், செயின்சாவை அரிசிச் சாக்கில் போட்டு மோட்டார்சைக்கிளில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"வேலு, தொறந்து பாரு. குத்தம் என் மெஷினுதுன்னா மறைக்காம சொல்லு. நான் போயி அவன் கால்ல..."

அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை. 

லிம் கேட்கும் கேள்விகளை நான் கேட்டேன். கடைசியாக எப்போது நன்றாக ஓடியது? விற்பதற்கு முந்திய வாரம், கோயில் வாசலில் முறிந்து விழுந்த பெரிய கிளையை மதியம் முழுக்க அறுத்திருக்கிறார். ஒருமுறைகூட நிற்கவில்லை. அதன் பிறகு என்ன செய்தீர்கள்? எண்ணெய் போட்டு, குணாவின் முன்னால் ஓட்டிக்காட்டிக் கொடுத்ததோடு சரி. கேட்டில் வந்து விழுந்த பிறகு? தொடவே மனசு வரவில்லை, இன்றைக்குத்தான் சாக்கில் எடுத்துப் போட்டேன் என்றார். அது போதும் எனக்கு. துடைக்காமல் வந்த மெஷின் அது.

அவரை அனுப்பிவிட்டுக் கொல்லையில் சாக்கை விரித்தேன். வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. தென்னந்தூள் இடுக்கெல்லாம் அடைந்திருந்தது. கைப்பிடிக்கு அருகில் வேறொரு கறையும் இருந்தது. அது என்ன என்று சொல்லத் தேவையில்லை. செயினில் பல்லுக்குப் பல் ஒரே அளவாக அரம் போட்டிருந்தான் குணா. கவனமான வேலைக்காரன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை வெளுத்துக் கிடந்தது. பெட்ரோல் போதாமல் ஓடிய மெஷினில்தான் அப்படி வெளுக்கும். ஆனால் பெட்ரோல் ஃபில்டரில் அடைப்பு இல்லை. குழாயில் வெடிப்பு இல்லை. டேங்க்கில் பெட்ரோல் இருந்தது. இருந்தும் அது எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை.

பழசைக் கொட்டிவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். உடனே பிடித்துக்கொண்டது. ஒரு கட்டையை அறுத்தேன். அருமையாக அறுத்தது. இன்னொரு கட்டையின் நடுவில் இரைச்சல் மெலிந்து நின்றுபோனது. பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திருகினேன். உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைப் போட்டு இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆனது. தெரிந்துவிட்டது. பெட்ரோல் வெளியே போகப்போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாது. இந்தப் பழைய ரகத்தில் காற்று வருவதற்கு மூடியின் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு துளை உண்டு. மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். துளை இல்லை. துளை இருக்கவேண்டிய இடத்தில் சந்தனம் இருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

அந்தப் பொட்டு அத்தனை நேரமும் என் கண்முன்னால்தான் இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. எங்கள் வீடுகளில் பொட்டு இல்லாத மெஷின் எது? லோரிக்கு வைக்கிறோம், மோட்டார்சைக்கிளுக்கு வைக்கிறோம், சோறு பொங்கும் மின்சாரச் சட்டிக்குக்கூட வைக்கிறோம். புதிதாக வீட்டுக்கு வந்த பொருளுக்கு வைக்காவிட்டால்தான் தப்பு. வட்டமான மூடி, நடுவில் சின்னக் குழி, பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். அழுக்கைப் பார்க்கப் பழக்கிய லிம் எனக்கு இதைப் பழக்கவில்லை. எங்கள் கண்ணுக்குப் பொட்டு அழுக்கில்லை. அவராக இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே விரல் அங்கே போயிருக்கும்.

கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சந்தனம் ஒரே பூச்சாக இல்லை. கீழே இருந்தது எண்ணெய் குடித்துக் கறுத்த பழைய சந்தனம். அதன் நடுவில் ஊசி குத்திய வடு இருந்தது. அந்த வடுவை மூடிக்கொண்டு, மேலே புதுச் சந்தனம் மஞ்சளாக இருந்தது. யாரோ ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. துளையை ஊசியால் திறந்திருக்கிறார். அது தெரியாத இன்னொருவர் மறுபடி பொட்டு வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கிற கை எது என்று எங்கள் வரிசையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குணாவின் மனைவி சாந்தி.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இதைச் சொன்னால் மரியதாஸ் அண்ணன் தலை நிமிர்வார். ஆனால் புருஷனின் கால் போனதற்குத் தன் கைதான் காரணம் என்று அந்தப் பெண் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள். ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட்டு இவ்வளவு வருத்தப்பட்டது என் தொழிலில் அந்த ஒருமுறைதான்.

மறுநாள் சாந்தி பள்ளிக்கூடத்துக் கேண்டீன் வேலைக்குப் போன நேரம் பார்த்து குணாவின் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். மெஷினைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். வாங்கின பிறகு அதற்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றான். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பாத்துட்டீங்களா, மாமா?"

பிறகு எல்லாம் சொன்னான். முதல் தடவை நின்றபோதே மூடியைத் திறந்து பார்த்து, சட்டையில் இருந்த ஊக்கால் துளையைக் குத்திவிட்டிருக்கிறான். அப்புறம் ஒழுங்காக ஓடியது. சாந்தியிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுவாள் என்று சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மறுபடி வைத்துவிட்டாள். வேலைக்குப் போன இடத்தில்தான் பார்த்தான். அன்றைக்கு ஊக்கு இல்லை. நின்றால் மூடியைத் திறந்து மூடினால் போதும், ஓடும். அப்படியே சில மரங்களை முடித்திருக்கிறான். அந்தத் தென்னையிலும் மூடியைத் திறக்கத்தான் குனிந்தான்.

"அவ சந்தனம் வச்சிட்டு, பத்திரமா போய்ட்டு வாங்கன்னு சொல்லி அனுப்புனா, மாமா. அந்தச் சந்தனத்தாலதான் கால் போச்சுன்னு அவகிட்ட நான் எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. மரியதாஸ் அண்ணன் உனக்கு என்ன பாவம் செய்தார் என்று கேட்டேன். ஊர் கொஞ்ச நாளில் மறந்துவிடும் என்று நினைத்தானாம். அவரைச் சாவு வீட்டுக்குக்கூடக் கூப்பிடாமல் விட்டதைச் சொன்னேன். படுக்கையில் கிடந்தவனுக்கு அது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டான். அவர் என்னைக் கேட்டிருக்கிறார், நான் பார்த்ததை அவரிடம் சொல்லத்தான் போகிறேன் என்றேன். நீங்கள் சொல்லவேண்டாம், நானே சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள் என்றான். ஆனால் அவளுக்குத் தெரியக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கு நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நேரே வந்தார் மரியதாஸ் அண்ணன். வெள்ளைச் சட்டையில், கையில் பைபிளோடு. குணா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சாந்தி அடுப்படியில் இருந்தாள். மெஷினில் குறை இல்லை, நன்றாகத்தான் கொடுத்தீர்கள், டேங்க் மூடியை நான்தான் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது என்று குணா சொன்னான். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். சந்தனம் என்ற சொல்லை எடுக்கவில்லை. இத்தோடு முடிந்தால் நல்லது என்று நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

சாந்தி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கோப்பைகளை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போகாமல் மரியதாஸ் அண்ணனைப் பார்த்து நின்றாள்.

"மூடியில பொட்டு வச்சது நான்தான், மாமா."

குணா அவளைத் தடுத்துப் பேச வாயெடுத்தான். அவள் விடவில்லை. மரியதாஸ் அண்ணனைப் பார்த்தே பேசினாள்.

"ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கி மயக்கத்துல பெனாத்துனாரு. மூடியில சந்தனம் அடச்சிடுச்சின்னு சாந்திகிட்ட சொல்லிடாதீங்கன்னு நர்ஸு கையப் புடிச்சிக்கிட்டுக் கெஞ்சுனாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு அன்னைக்கே தெரியும். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இவரு தாங்கமாட்டாரு. அதான் வாயத் தொறக்கல."

குணா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் போன வலியில்கூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவள் போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, ஒரே வீட்டில் இத்தனை நாள் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அந்த அறையில் இன்னொருவர் இருக்கிறார் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது.

மரியதாஸ் அண்ணன் தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"நீ அவளக் காப்பாத்துன. அவ ஒன்னயக் காப்பாத்துனா. சரிப்பா. என்னைய யாரு பாத்தா?"

  கூடாரம் போட வேறு ஆள் வந்த அன்று நானும்தான் என் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். குணா மன்னிப்புக் கேட்டுக் கைகூப்பினான். அவர் அந்தக் கையைப் பிடிக்கவுமில்லை, தள்ளவுமில்லை. மெதுவாக எழுந்தார்.

"இந்த நாலு செவுத்துக்குள்ள சொல்லி எனக்கு என்னப்பா ஆவப்போவுது? கடையில சொன்னது கடையிலதானே கெடக்கு."

சொல்லிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினார்.  சாந்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கிவிட்டாள். குணா கட்டிலை விட்டு எழப்பார்த்தான். ஊன்றுகோல் வழுக்கித் தரையில் விழுந்தது. அதை எடுக்கப் போன என்னிடம், அவள் தனியாகப் போகிறாள், நீங்கள் போங்கள் மாமா என்று கத்தினான். அவனை அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

எங்கள் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க அதிக நேரம் ஆகாது. அன்றைக்கு அது நீண்டுகொண்டே போனது. அவர் முன்னால் நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பத்தடி பின்னால் தலைகுனிந்து போனாள். துணி காயப்போட்ட பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் கடையில் கறியும் காய்கறியும் வாங்க நல்ல கூட்டம். ரவியும் இருந்தான். மரியதாஸ் அண்ணன் உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல் பேச்சு நின்றது. அந்த அமைதியில் சாந்தி பேசினாள். மெஷினில் குறை இல்லை, மூடித் துளையில் நான் வைத்த சந்தனம் அடைத்துத்தான் அது நின்றது, இவர் நல்ல மெஷினைத்தான் கொடுத்தார், எனக்கு இது அன்றைக்கே தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன் என்று சொன்னாள்.

ரவி அவள் அருகில் வந்து, என்ன உளறுகிறாய், வீட்டுக்குப் போ என்று அடிக்குரலில் அதட்டினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கடைக்காரர் தராசில் வைத்த வெங்காயத்தோடு நின்றார். பின்னால் நின்ற கிழவி ஒருத்திக்குக் காது சரியாகக் கேட்காது. இந்தப் பெண் என்ன சொல்கிறது என்று பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டாள். யாரும் எடுத்துச் சொல்லத் துணியவில்லை. சாந்தியே அவள் பக்கம் திரும்பி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை சந்தனம் என்ற இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்திக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி, மூச்சு வாங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வாயைத் திறந்தாள். மரியதாஸ் அண்ணன் அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றார்.

"போதும்மா. வீட்டுக்குப் போ. அவன் தனியா இருக்கான்."